கரையான் தின்ற சொல்

ஏழுமதகூரை ஆண்ட உத்தண்டராயரிடம் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. எதையாவது கல்லில் செதுக்கிவிட்டால் அது சட்டம். அப்புறம் அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அதனால் கல்தச்சர் உளியைக் கையில் எடுத்தாலே ஊரில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஒரு கோடையில், கடல் கடந்து வந்த அறிஞர் ஒருவர் நீரின் இயல்பைப் பற்றி ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனார். அதைக் கல்லில் பொறித்து ஏரிக்கரையில் நட ராயருக்கு ஆசை. கல்லையும் தச்சரையும் சபைக்கே வரவழைத்துவிட்டார். ஓலையை எடுத்துப் பார்த்தால், சரியாக ஒரு சொல்லைக் கரையான் தின்றிருந்தது.

"கோடையில் ஏரி நீர் ........ குறைகிறது."

"நடுவில் என்ன சொல்?" என்று ராயர் சபையைக் கேட்டார்.

அரசாணை எழுதும் ராயசம் கோனேரி முந்திக்கொண்டு எழுந்தார். ஏரிக்காவல் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர அவர் வெகுநாளாகக் காத்திருந்தார்.

"'களவு போய்', அரசே. நீர் தானாகவா குறையும்? எங்கே நீர் குறைந்தாலும் காவலில் நின்றவரே கள்ளர். தண்டனை, பொழுது சாய்வதற்குள் நாடு கடத்தல்."

ஏரிக்குக் காவல் நின்றவள் பொம்மி. புருஷன் போருக்குப் போயிருந்தான். சபையின் ஓரத்தில் கைக்குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, நான் ஒரு குடம் கூட எடுக்கலை. இந்தப் பச்சைப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு எந்தக் காட்டுக்குப் போவேன்?"

ராயர் தாடியைத் தடவினார். "சொல் இடத்துக்குப் பொருந்துகிறதே. தச்சரே..."

உளி எழும்பியது. அரசவை விகடர் மங்கைபாகன் அவசரமாக எழுந்துவிட்டார். சிரிக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. இன்றைக்குப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. கண் அங்குமிங்கும் அலைந்தது. முற்றத்தில், அப்போதுதான் துவைத்த ராயரின் நாற்பது முழத் தலைப்பாகையை இரண்டு பேர் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

அடடே, என்றது மனசு.

"அருமையான சொல், அரசே. ராயசத்தின் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஆனால் ஊரெல்லாம் கள்ளர் பயமாம். தங்கள் தலைப்பாகை காய்கிறவரை நம்பிக்கையான ஆள் ஒருவர் காவல் நிற்கட்டுமே. அதுவரை தச்சரும் மோர் குடிக்கட்டும்."

"என்னை விட நம்பிக்கையான ஆள் யார்?" என்று கோனேரி வாளை உருவிக்கொண்டு கிளம்பினார்.

"ஒரு நிமிஷம். அரசே, ஈரமாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பார்த்துவிடுங்கள்."

ராயர் தொட்டார். கை நனைந்தது.

முற்றத்துக் கதவைச் சாத்தினார்கள். வெயிலில் கோனேரி வீராப்பாக நின்றார். காக்கையைக் கூடக் கிட்டே விடவில்லை. உச்சிவேளையில் கதவு திறந்தது. ராயர் தலைப்பாகையைத் தொட்டார். அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது.

மங்கைபாகன் பதறினார். "ஐயையோ, அரசரின் தண்ணீர் எங்கே, ராயசம்?"

"எந்தத் தண்ணீர்?"

"காலையில் தலைப்பாகையில் இருந்ததே, அது. யாராவது உள்ளே வந்தார்களா?"

"ஈ, எறும்பு கூட வரவில்லை."

"அப்படியானால் காவலில் நின்றவர் நீர் ஒருவர்தான். அரசே, பொழுது சாய்வதற்குள் இவருக்கு ஒரு கட்டுச்சோறாவது கட்டித் தரச் சொல்லுங்கள். வழி தூரம்."

கோனேரி வாளைக் கீழே போட்டார். "நான் எடுக்கவில்லை, அரசே. யாருமே எடுக்கவில்லை. வெயில் பட்டு ஆவியாகிப் போய்விட்டது. இது தெரியாதா? ஈரம் என்றால் ஆவியாகத்தானே செய்யும்?"

"தச்சரே, காதில் விழுந்ததா? 'ஆவியாகி'. சொன்னவர் ராயசம். செதுக்கும்" என்றார் மங்கைபாகன்.

டக் டக் என்று உளி விழ ஆரம்பித்தது. பொம்மி குழந்தையின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ராயருக்கு மட்டும் இன்னும் ஓர் இழை சந்தேகம். "கல்லில் ஏறினால் மாற்ற முடியாது, மங்கைபாகா. நிச்சயமாக ஆவியாகித்தானா?"

"சந்தேகம் வேண்டாம், அரசே. இன்னொரு தடவை சோதித்துவிடலாம். பயத்தில் வேர்த்து ராயசத்தின் வேட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது. அவரை அப்படியே வெயிலில் காயப் போடுவோம்."

ராயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மங்கைபாகனிடம் வீசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காவலுக்கு யார்?"

"பொம்மிதான், அரசே. அவள் ஒரு சொட்டு எடுக்க மாட்டாள்."