தொடர்பு எல்லைக்கு வெளியே

பவானி ஆற்றை ஒட்டி ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் தவமணி அம்மா. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய சீடர் சென்னியப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தொட்டவர். குருவைவிடச் சீடர் மூப்பு என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கல்யாணம் கட்டிக்கொள்ளாத மனிதர். மடத்துக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக விட்டார். காப்பியை விட்டார். பேப்பரை விட்டார். மெத்தையை விட்டுப் பாய்க்கு வந்தார். விட்டதையெல்லாம் வந்தவர் போனவரிடம் சொல்வதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

இன்னொன்றையும் அவர் விடவில்லை. அது ஒரு பட்டன் ஃபோன்.

ஒருநாள் காலையில் கடைவீதிக்குப் போய்த் திரும்பியவர், நேராக அம்மாவிடம் வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க ஐயா."

"பழைய நெட்வொர்க்கை நிறுத்தப் போறாங்களாமா. ஒண்ணாம் தேதியிலிருந்து இந்த ஃபோன் வேலை செய்யாதுன்னு கடைக்காரர் சொல்லிப்போட்டார். புது ஃபோன் வாங்கி சிம்மை மாத்துனா, நம்பர் மட்டும் இதேதான் இருக்குமாமா."

"சரி, வாங்கிக்குங்க."

"அதானுங்க சந்தேகம். எல்லாத்தையும் விட்டாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். கடவுளே பார்த்துத்தான் லைனைப் புடுங்கறாரோன்னு தோணுதுங்க."

"கடவுளுக்கு அந்த வேலை வேறயா?" என்று அம்மா சிரித்தார்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. "ஃபோன் போயிருச்சுன்னா, கூப்பிடறவங்களுக்கு என்னங்கம்மா கேக்கும்? தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு கேக்கும். துறவின்னா அதுதானுங்களே?"

இந்த வாக்கியத்தை அவர் கடைவீதியிலிருந்தே மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்தது.

"நல்லாத்தான் இருக்குது. யார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் அம்மா.

பெருமிதம் போன இடம் தெரியவில்லை.

"யாருமில்லீங்க. எங்கக்கா மட்டும்."

"என்ன பேசுவாங்க?"

"பேச்சு இல்லீங்க. சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். அவ்வளவுதான்."

அக்கா பாவாத்தாள் காங்கேயத்துப் பக்கம் வாக்கப்பட்டவள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவளுடைய மகள் கல்யாணத்தில் வந்தது வினை. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சாபீசில் நடந்த தவறு என்று அக்கா ஓடி வந்தாள். பத்திரிகையில் தன் கையாலேயே பேனாவில் தம்பி பெயரை எழுதிக் காட்டினாள். "பேனாவுல எழுதற மாமனா ஆயிட்டனா நானு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர்தான் சென்னியப்பன். கல்யாணத்துக்கும் போகவில்லை. இனி உன்னோடு பேச்சில்லை என்று ஆள் விட்டும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. வருஷங்கள் ஓடியும் அது நிற்கவில்லை.

"ஒருநாளும் எடுத்ததில்லீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"மிஸ்டு காலை யாராச்சும் எடுப்பாங்களாம்மா? அடிச்சா அக்கா நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சுக்குவேன். அது எனக்குப் போதும்."

அம்மா கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குச் சொல்றனுங்க."

மறுநாள் காலையில் சென்னியப்பன் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மா கிழிந்த துணிப்பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார்.

பதில் இல்லை.

"அம்மா, நான் சென்னியப்பன் வந்திருக்கனுங்க."

அம்மா ஊசியில் நூல் கோத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தியானத்தில் இருக்கிறார் போலும் என்று சென்னியப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

மதியம் வந்தார். கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்தார். "வாங்க, மாடு தேவலைங்களா?" என்று அவரை அம்மா வாய் நிறைய விசாரித்தார். சென்னியப்பனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பால்காரர் போனதும் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா தையலைத் தொடர்ந்தார்.

என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாயும்போது பொறுமை போய்விட்டது. கண்டக்டர் குரல் வெளியே வந்தது.

"அம்மா! காது கேக்குதுங்களா, இல்லீங்களா?"

அம்மா நிமிர்ந்தார். "கேட்டுதுங்க ஐயா. காலையிலேயே கேட்டுது."

"அப்புறம் ஏனுங்க பதிலே சொல்லலை?"

"குரல் கணீர்னு இருந்துது. ஐயா நல்லா இருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குப் போதும்."

"நான் நல்லா இருக்கறதைச் சொல்லவா கூப்பிட்டேன்? பொழுதன்னிக்கும் வாசல்ல வந்து வந்து நிக்கிறேன். எதிர்ல உக்காந்துக்கிட்டே வாயத் திறக்கலைன்னா மனுசனுக்கு எப்படிங்க இருக்கும்? என்னை வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூட..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

அம்மா பையை ஓரமாக வைத்தார். "உக்காருங்க."

சென்னியப்பன் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். ஆனாலும் மனது லேசில் ஒப்புக்கொள்ளுமா?

"அக்கா விசயம் வேறீங்கம்மா. அது கொடுக்கறது மிஸ்டு கால்."

"எவ்வளவு நேரம் அடிக்கும்?"

"முழுசா அடிச்சுத் தானா ஓயுமுங்க."

"நீங்க யாருக்காச்சும் மிஸ்டு கால் கொடுத்திருக்கீங்களா?"

"கொடுக்காமயா? டிப்போவுக்குத் தினமும் கொடுப்பேன். ஒரு தடவை மணி அடிச்சதும் வெச்சிருவேன். எங்கே எடுத்துத் தொலைச்சுருவாங்களோன்னு கட்டை விரல் சிவப்புப் பட்டன் மேலயே..."

நிறுத்தினார். அவருக்கு இது புதிதாகத் தெரிந்ததல்ல. முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியும் என்பதை ஒத்துக்கொண்டால் எடுக்க வேண்டி வருமே என்று அதற்கு மிஸ்டு கால் என்று ஒரு பெயர் வைத்து மூடியிருந்தார்.

அம்மா மெல்லச் சொன்னார்: "அவங்க கொடுத்தது காலுங்க ஐயா. மிஸ்டு பண்ணுனது நீங்க."

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது. அம்மா பார்க்காதது மாதிரி இருந்தார்.

"ஒண்ணாம் தேதி கூப்பிட்டா உங்க அக்காவுக்கு என்ன கேக்கும்?" என்று கேட்டார் அம்மா.

நேற்று அழகாகச் சொன்ன பதிலை இன்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நான் செத்துப்போயிட்டேன்னு நினைச்சுக்குமுங்க. ஓன்னு அழும்."

"ஏனுங்க ஐயா, அப்படியா அழுவாங்க?"

"அதுக்குப் பொறந்த வீட்டுல என்னை விட்டா ஆரு இருக்கறாங்கம்மா? நாளைக்கே போயி ஃபோனை மாத்திப்போடறேன்."

"மாத்துங்க. அது கடைக்காரர் வேலை, சுருக்கா முடிச்சுக் கொடுத்துருவார். ஆனா புது ஃபோனும் அடிக்கத்தான் செய்யும். எடுக்கறதுக்கு உங்களைத்தான் தேடும்."

மடத்தில் விளக்கேற்றினார்கள். சென்னியப்பன் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியை விட்டு நகராமல் இருந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் டிக்கெட் கிழித்த மனிதர், அந்தச் சின்ன ஃபோனுக்கு இரண்டு கையையும் கொடுத்திருந்தார். இன்றைக்கென்று அக்கா கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு வந்தது.

அடித்தது.

பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடித்து ஓய்வதையே இத்தனை காலம் கேட்டுப் பழகியவளுக்கு, எடுத்தால் என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது அல்லவா?

பிறகு ஒரு குரல் வந்தது. முன்பைவிட மெலிந்திருந்தது, நடுங்கியது.

"ஆருங்க அது? இது எந்தம்பி ஃபோனாச்சே. தம்பிக்கு என்னாச்சுங்க? நீங்க ஆருங்க எடுத்துப் பேசறது?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வழி தவறிய பிள்ளை மாதிரி அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, நான் யாருன்னு கேக்குதுங்கம்மா."

தவமணி அம்மா எழுந்து, அறையை அவருக்கு விட்டுவிட்டு வெளியே நடந்தார்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே ஐயா மடத்துக்கு வந்தீங்க? சொல்லுங்க."