ஊறாத கிழங்கு

வாருங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே, நெருங்கி உட்காருங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால் நடந்தது இது. கசப்பான கதைதான். ஆனாலும் கேளுங்கள்.

ஆற்றோரத்தில் மணற்பாடி என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரே மருந்துக்கடை. கடைக்காரன் பெயர் வயிரவன். மருந்தை இடிப்பதும் அரைப்பதும் உருட்டுவதும் அவனும் அவன் மனைவி உமையாளும்தான்.

அவர்கள் கடையின் சுர மாத்திரை பேர்போனது. அதில் நாபி என்றொரு கிழங்கு சேரும். நாபி கொடிய விஷம். அதை நறுக்கி, கோமியத்தில் மூன்று நாள் ஊறப்போட வேண்டும். நாள்தோறும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பிறகு வெயிலில் காய வேண்டும். அப்போதுதான் விஷம் இறங்கி மருந்தாகும். அந்த முறையிலிருந்து வயிரவன் இம்மியும் பிசகியதில்லை.

ஒரு மாசி மாதம் ஊருக்குள் விஷச்சுரம் புகுந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்துவிட்டார்கள். விடிந்தால் கடை வாசலில் கூட்டம். "பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது சாமி, மாத்திரை குடுங்க" என்று கையேந்தி நின்றார்கள்.

மாத்திரை தீர்ந்தது. கிழங்கு ஊறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"எடுத்துக் காயப்போடு" என்றான் வயிரவன்.

"இன்னும் ஒரு நாள் இருக்கிறதே" என்றாள் உமையாள்.

"அதை வாசலில் அழுகிறவர்களிடம் போய்ச் சொல்."

எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சுரம் தணிந்தது. ஊர் வாழ்த்தியது.

அடுத்த முறை ஒரே நாள் ஊறியது. சிலருக்கு நாக்கு மரத்தது. "மருந்து வேலை செய்யுது" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை கிழங்கைக் கழுவினார்கள், இடித்தார்கள், அவ்வளவுதான். அது தப்பென்று உமையாளுக்குத் தெரியும். ஆனாலும் அவளும் சேர்ந்துதான் உருட்டினாள்.

அன்று மத்தியானம் தச்சன் இறந்தான். பொழுது சாய்வதற்குள் தச்சன் மகள் இறந்தாள். மறுநாள் காலை ஓடக்காரி செங்கமலத்தின் கணவன். மூவருக்கும் வாய் மரத்து, கைகால் சில்லிட்டு, மூச்சு முட்டியது. சுரத்தில் சாகிறவர்கள் அப்படிச் சாவதில்லை. அது வயிரவனுக்குத் தெரியும். உமையாளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

பிணம் எடுத்த கையோடு செங்கமலம் கடைக்கு வந்தாள். வயிரவனைக் கும்பிட்டாள்.

"உங்களால ஆனதைச் செஞ்சீங்க. அவர் விதி அவ்வளவுதான். மாத்திரை ஒண்ணு மிச்சம் இருக்கு. மகனுக்கும் இப்போ காயுது. குடுக்கலாமா?"

வயிரவன் அவசரமாய்க் கை நீட்டினான். "அது வேண்டாம். இங்கே கொடு, நான் வேறு கஷாயம் தருகிறேன்" என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவள் போனதும் உமையாள் கணவன் கையைப் பிடித்தாள். "எத்தனை வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறதோ! தெருவில் இறங்கிச் சொல்லுங்கள்."

"சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார்கள். பொறு, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பக்குவமாய்த் திருப்பி வாங்கிவிடுகிறேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. குயவர் தெருவிலிருந்து ஒப்பாரி எழுந்தது.

உமையாள் தெருவுக்கு ஓடினாள். "எங்கள் மாத்திரையைத் தின்னாதீர்கள்! கிழங்கு ஊறவில்லை! சுரம் கொல்லவில்லை, நாங்கள்தான் கொன்றோம்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முதல் கல் அவள் நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணை மறைத்தது. அப்படியும் கடைசித் தெருவரை அவள் குரல் ஓயவில்லை. வாயருகே போன மாத்திரைகள் மண்ணில் விழுந்தன.

இருவரையும் அரசன் முன் நிறுத்தினார்கள்.

"முறை ஏன் தப்பினாய்?" என்று கேட்டான் அரசன்.

"இரக்கத்தால், அரசே. வாசலில் நின்று அழுதார்கள்" என்றான் வயிரவன்.

"அது இரக்கம் என்றே இருக்கட்டும். ஓடக்காரி வந்து கேட்டபோது உண்மையை விழுங்கினாயே, அது யார்மேல் வைத்த இரக்கம்?"

வயிரவனை நாடு கடத்தினார்கள். எந்த ஊரில் செத்தானோ, யாருக்கும் தெரியாது.

உமையாளிடம் அரசன் சொன்னான்: "எச்சரித்த வாயும் உன்னுடையது. உருட்டிய கையும் உன்னுடையது. இந்த ஊருக்கு வேறு மருந்துக்கடை இல்லை. நீயே நடத்து. இனி கிழங்கு ஊர் பார்க்க ஊற வேண்டும், ஊர் பார்க்கக் காய வேண்டும். முதல் மாத்திரையை ஊர் பார்க்க நீ விழுங்க வேண்டும்."

தலை நரைக்கும்வரை அவள் அப்படியே செய்தாள். ஜனங்கள் வந்தார்கள், கை நீட்டினார்கள், மருந்தை வாங்கிப் போனார்கள். ஒருவரும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகனுக்கு மறுபடி சுரம் கண்டபோது செங்கமலமும் வந்தாள். உமையாள் மாத்திரையை விழுங்கியபின் செங்கமலம் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் கையை நீட்டினாள்.

உயிர் காக்கும் மருந்தைச் செய்கிறவர் எந்த அவசரத்திலும் முறை தப்பக் கூடாது, தப்பிவிட்டால் அதை ஒரு நொடியும் மறைக்கக் கூடாது.