வளர், போதும்

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். பேருந்து நிலையத்தில் வண்டிகளின் நேரத்தை மைக்கில் அறிவிப்பது அவள் வேலை.

அவள் மூளையில், பேச்சு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் உயிரணு வாழ்ந்தது. அதற்குள் இரண்டு புரதங்கள் தூதர்களாக இருந்தன. ஒன்றின் பெயர் வளர். வாசலில் மணி அடித்தால் உள்ளே ஓடிப்போய், "வளரச் சொல்றாங்க" என்று சேதி சொல்லும். இன்னொன்றின் பெயர் போதும். அளவு மீறி ஓடும் வளரைக் கையைப் பிடித்து உட்கார வைக்கும்.

ஒருநாள் வாசல் மணி பழுதாகி, யாரும் தொடாமலே அடிக்கத் தொடங்கியது. வளர் ஓடியது. ஓர் உயிரணு இரண்டாகி, பலவாகி, கட்டியானது. பிறந்த உயிரணுக்களிலும் இதே இரண்டு தூதர்கள்தான்.

"வாசல்ல ஆளே இல்ல. கொஞ்சம் நில்லேன்" என்றது போதும்.

"மணி அடிக்குதே, எப்படி நிக்கிறது?" வளருக்கு மூச்சு வாங்கியது.

போதும் விடாமல் இழுத்துப் பிடித்தது. அதனால் கட்டி மெதுவாகவே பெருத்தது. ஆனால் ஓரத்து உயிரணு ஒன்றில் போதும் காணாமல் போய்விட்டது. பிடிக்க ஆளில்லாத அந்த ஓரம் மட்டும் வேகமெடுத்தது.

ஒரு காலையில் மைக்கைப் பிடித்த செண்பகவல்லிக்கு ஊர்ப்பெயர் நாக்கில் வரவில்லை. பயந்துபோன கணவன் சங்கரபாண்டி அவளை மதுரைக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "பெரும்பாலும் மெதுவா வளர்ற கட்டிதாம்மா. ஒரு ஓரம் மட்டும் வேகமா வளருது. அது பரவுறதுக்குள்ள எடுத்துரணும்."

"பேச்சு போயிருமா சார்?"

"உங்கள முழிச்சிருக்க வச்சே ஆபரேஷன் பண்றோம். நீங்க பேசிக்கிட்டே இருங்க. அதக் கேட்டுக் கேட்டுத்தான் கத்திய நகர்த்துவோம்."

மேசையில் படுத்தபடி அவள் பேசினாள். "எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் சாத்தூர் வண்டிய விட்டுட்டு, எங்கிட்ட வந்து அடுத்தது எப்பன்னு கேட்டாரு..."

அந்தக் குரல் வளருக்குக் கேட்டது. அது அழுதது. "இவ குழந்தையா இருந்தப்ப, இந்தப் பேச்சுக்கு எடம் கட்டினதே நான்தான். இப்ப நானே அத நெருக்குறேனே!"

"நீ கெடுதல் நெனைக்கல. மணி உன்ன ஓய விடல, அவ்வளவுதான்" என்றது போதும்.

வேகமெடுத்த ஓரத்தோடு சேர்ந்து கட்டி மெல்லப் பெயர்ந்தது. அதற்கு ரத்தம் வருவது நின்றது. மணியும் ஓய்ந்தது.

"நம்மளையும் சேத்தா எடுக்கிறாங்க?" என்று கேட்டது வளர்.

"ஆமா."

"அப்ப, இனிமே நான் ஓட வேண்டாமா?"

"வேண்டாம். உக்காரு." போதும் அதன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது.

அங்கே செண்பகவல்லி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வண்டி வந்துச்சு சார். அதுலயும் அவரு ஏறல."