சாட்சிக் கையெழுத்து

ஞானாபரணம் உபதேசியாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில், வீங்கிய கால்களை ஒரு பெஞ்சின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"அக்கா இன்னும் கண்ணை மூடுதாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அக்கா என்று அவர் சொன்னது என் மனைவி செல்லக்கனியை.

"ஆமா ஐயா, மூடுதா" என்றேன்.

"சரி" என்றார். காபி போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒன்பது வருஷம் இருக்கிறது.

எனக்கு மர அறுவை மில்லில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து பதினான்கு வருஷம் குடித்தேன். அந்தப் பதினான்கு வருஷமும் செல்லக்கனியை அடித்தேன். பிறகு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், மணலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ உடைந்து அழுதேன். அன்றைக்கு விட்டதுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் குடிக்கவில்லை. ஒரு நாளும் அவள்மேல் கை வைக்கவில்லை. அது உண்மை.

அதற்குப் பிறகு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் என்னவாக இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார் என்று மேடையில் நின்று சொல்ல வேண்டும். முதலில் நாக்கு குழறியது. போகப் போகப் பழகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அகப்பை அவள் முதுகில் உடைந்ததைச் சொல்லும்போது பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்கும். பல் விழுந்ததைச் சொல்லும்போது ஆண்களும் அழுவார்கள். முடிவில், "அந்தச் சகோதரி இதோ இருக்கிறார்கள்" என்று போதகர் சொல்வார். செல்லக்கனி முன்வரிசையில் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, உட்கார்ந்துவிடுவாள். பதினோரு வருஷம் ஊர் ஊராக இது நடந்தது. கார் வைத்துக் கூப்பிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் ஞானாபரணம் உபதேசியார் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். அதனால் நான் அவருக்கு அண்ணாச்சி. சபைக்கு அவர் மேய்ப்பர். அதனால் அவர் எனக்கு ஐயா.

அந்த வருஷம் பெரிய கன்வென்ஷனில் சனிக்கிழமை சாட்சிக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பத்தாயிரம் பேர் கூடும் இடம். சபையிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றார்கள். நான் உபதேசியாரிடம் போனேன். அவர் ஆலயத்து மைக் வயரைப் பிரித்துப்போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மனந்திரும்பினவர்னு ஒரு லெட்டர் வேணும் ஐயா. சபை முத்திரையோட."

"யாரு மனந்திரும்பினது?"

"நான்தான்."

"நான் வந்து மூணு மாசம்தான ஆகுது. எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன ஐயா இப்படிக் கேக்கிய? பதினோரு வருஷமாச் சாட்சி சொல்லுதேன். கேட்டவங்க எல்லாம் அழுதிருக்காங்க."

"போன வாரம் நானும் அழுதேன்" என்றார். "நல்லாச் சொல்லுதிய. இந்த மைக்கே புகைஞ்சு போச்சு. அக்காதான் அழல. தன் காலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அவர் வயரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, கோர்ட்டுக்குப் போயிருக்கியளா?"

"ஒரு தடவை. மில்லுல மரம் திருட்டுப் போன கேசுல, சாட்சியா."

"திருடினவன் எங்க நின்னான்?"

"குற்றவாளிக் கூண்டுல."

"நீங்க?"

"சாட்சிக் கூண்டுல."

"அவன் உங்க கூண்டுல ஏறி நின்னிருந்தா?"

"ஜட்ஜ் விடுவாரா?"

அவர் சிரித்தார். "நீங்க கூண்டு மாறி ஏறிட்டியளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவுதான். இருங்க, எழுதித் தாரேன்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். அருமைநாயகம் ஆகிய இவர் உண்மையாய் மனந்திரும்பியவர் என்று நல்ல கையெழுத்தில் இரண்டு வரி. முத்திரை குத்தினார். பிறகு அடியில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'சாட்சி' என்று எழுதினார்.

"பத்திரத்துல இருக்குத மாதிரி. இதுல அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுக்குக் கீழ நான் போடுதேன்."

"இவ்வளவுதானா?" என்றேன். லேசான மனதோடு வீட்டுக்கு நடந்தேன்.

செல்லக்கனி அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் ஐந்தாவது. காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"நான் என்ன பாத்தேன்னு கையெழுத்துப் போடணும்?"

"நான் மாறினதை."

"குடிய விட்டிய. பாத்தேன். அடிக்கிறத விட்டிய. அதையும் பாத்தேன். அப்படி எழுதித் தரச் சொல்லுங்க, போடுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பல்லு விழுந்தது வலது பக்கம்."

"என்னது?"

"மேடையில எப்பவும் இடதுன்னு சொல்லுதிய. வலது பக்கம்."

"தப்புன்னு தெரிஞ்சா நீ சொல்லக் கூடாதா?"

"எப்பச் சொல்ல? அங்க ஆயிரம் பேர் இருக்காங்க. வீட்டுல நீங்க அந்தப் பேச்சே எடுக்கிறதில்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. காகிதத்தை அவளிடமிருந்து வாங்கினேன். கசங்காமல் இருக்கட்டும் என்று, அவள் தலைக்கு மேலே இருந்த பலகையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைப்பதற்காகக் கையை உயர்த்தினேன்.

அவள் கண்ணை இறுக மூடினாள். கழுத்து தோளுக்குள் போனது. கீரை பிடித்த கை கன்னத்துக்கு வந்துவிட்டது.

ஒரு நொடிதான். கண்ணைத் திறந்து, அடுத்த இணுக்கை எடுத்து உருவ ஆரம்பித்தாள். தான் செய்தது அவளுக்கே தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உயர்த்திய கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆணியில் தொங்கிய குடையை எடுத்தேன். குடையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். மூடினாள். அதற்கு மறுநாள் ஒட்டடை அடித்தேன். மூடினாள். பதினோரு வருஷமாக இது என் கண்ணில் படவில்லை. அவள் கண்ணை மூடிய நேரத்திலெல்லாம் நான் எடுக்க வந்த பொருளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காகிதத்தைக் கொண்டுபோய் உபதேசியாரின் மேஜையில் வைத்தேன்.

"போடல" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "மன்னிப்புக் கேட்டியளா?" என்றார்.

"இன்னைக்குக் காலையில கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'சரி, சாப்பிடுங்க'ன்னா."

அவர் தலையை ஆட்டினார்.

"நான் இன்னும் என்ன செய்யணும் ஐயா? நாப்பது நாள் உபவாசம் இருக்கட்டா?"

"வீட்டுல உயரத்துல என்னென்ன இருக்கு?"

"உயரத்துலயா? ஊறுகாய் ஜாடி, உப்பு, குடை, சாமான் பலகை, ரேடியோ, என் சட்டை தொங்குத கொடி…"

"எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்க."

"எதுக்கு?"

"கை தூக்க வேண்டாம்லா."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "இதுக்குப் பேரு மனந்திரும்புதலா ஐயா?"

"பேரை அப்புறம் வச்சிக்கிடலாம். முதல்ல ஜாடியை இறக்குங்க."

இறக்கினேன். பலகைகளைக் கழற்றிக் கீழே அடித்தேன். செல்லக்கனி வாசலில் நின்று பார்த்தாள்.

"வீடு மாத்துதமா?"

"இல்ல. கைக்கு எட்டுத மாதிரி இருக்கட்டும்னு."

"யாரு கைக்கு?"

நான் ஆணியை அடித்துக்கொண்டிருந்தேன்.

கன்வென்ஷன் செயலாளர் வேதமுத்து கடிதம் கேட்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன வே, குள்ளன் யாரையும் வாடகைக்கு வச்சிருக்கீரா?"

"இந்தத் தடவை நான் சாட்சி சொல்லல" என்றேன்.

"ஏன்?"

"சொல்லல."

அவர் என் வாய்க்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். நான் நகரவில்லை. இரண்டு வாரத்தில், அருமைநாயகம் பின்மாற்றத்தில் விழுந்துவிட்டான் என்று சபைக்குள் பேச்சு வந்துவிட்டது. இரட்சிக்கப்பட்டவன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் அப்படிச் சொல்வார்கள். ஜெபக்கூட்டத்தில் என் பேரைச் சொல்லியே ஜெபித்தார்கள். அந்தச் சனிக்கிழமை வேறு ஒருவர் சாட்சி சொன்னார். நான் வீட்டில் இருந்தேன். அந்தக் கூட்டத்தின் விசும்பல் சத்தம் கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கள்ளுக்கடையை விட்ட புதிதில் இருந்த தவிப்பு மாதிரியே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வருஷங்கள் போயின. சோம்பல் முறிப்பதை விட்டேன். அவள் பக்கத்தில் இருக்கும்போது தலை சீவுவதை விட்டேன். பல்பு மாற்ற வேண்டுமென்றால் அவள் தண்ணீர் பிடிக்கப் போகும் வரை காத்திருப்பேன். மில்லிலிருந்து உடம்பெல்லாம் மரத்தூளாக, அலுத்துப்போய் வருவேன். அப்போதும் அந்த ஞாபகம் வேண்டும். இவ்வளவு செய்தும், ஒரு நாள் பஸ்ஸில் விழாமல் இருக்க மேல் கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற செல்லக்கனி அத்தனை பேர் நடுவில் கண்ணை மூடினாள்.

அன்றைக்கு நேராக உபதேசியாரிடம் போனேன். நாலாவது வருஷம் அது. அதற்குள் அவருக்கு இளைப்பு நோய் வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"முடியல ஐயா. அலுத்துப் போச்சு."

"ம்."

"பஸ்ஸை எங்க இறக்கி வைக்க?"

அவர் சிரிக்க முயன்றார். இருமல் வந்தது.

"குடிச்சவன்னு சொன்னப்ப ஊரே என்னைக் கொண்டாடிச்சு. இப்ப ஒருத்தரும் நம்பல. சரி, அது போகட்டும். அவளாவது நம்பலாம்ல? நாலு வருஷம். இன்னும் மூடுதா. எப்பத்தான் நிறுத்துவா?"

"அது அவங்க கண்ணு அண்ணாச்சி."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குக் கை."

நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் இருந்த ஐந்து வருஷமும், எப்போது பார்த்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பார். நானும் உள்ளதைச் சொல்வேன். அவர் சரி என்பார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. விட்டுவிடுங்கள் என்றும் சொன்னதில்லை.

அவர் இறந்து இரண்டாவது வருஷம், சர்க்கரை நோய் செல்லக்கனியின் பார்வையை எடுத்துக்கொண்டது. முதலில் ஒரு கண். பிறகு மற்றதும். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்றாள். ஒரு நாள் அவளுக்குப் பக்கத்தில் நின்று கொசுவலைக் கயிற்றைக் கட்டினேன். கை மேலே போனது. அவள் முகத்தைப் பார்த்தேன். அசைவில்லை. அவளுக்கு என் கை தெரியவில்லை.

அவள் கண்ணை மூடாத நாள் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

புறவாசலுக்குப் போக வேண்டுமென்றால் "எங்க இருக்கிய?" என்பாள். பக்கத்தில் போவேன். தடவிப் பார்த்து என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். இறுக்கமான பிடி. நாங்கள் மெதுவாக நடப்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிடித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. பயம் போய்த்தான் பிடிக்கிறாளா, வேறு வழியில்லாமல் பிடிக்கிறாளா என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். கேட்க உபதேசியார் இல்லை. அவளிடம் நான் கேட்கவில்லை.

செல்லக்கனி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேன். பலகைகளை இன்னும் மேலே ஏற்றவில்லை.