எட்டாவது மிதவை

"குருவென்று ஏற்றுக்கொண்ட ஆளை எப்படித் திட்டுவது, மாஸ்டர்?" என்று கேட்டாள் வைரமணி.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நீச்சல் மாஸ்டர் இஞ்ஞாசிக்கு முப்பது.

"வாய்க்கு வந்தபடி திட்டுங்க, அக்கா. ஒவ்வொரு மிதவையிலும் ஒரு திட்டு. திட்டினாத்தான் மேலே நீந்த விடுவேன்."

இமயமலையில், பனிப்பாறை உருகி நிரம்பிய ஏரி அது. அந்தப் பனிப்பாறை வருடாவருடம் சுருங்குவதை ஊருக்குச் சொல்ல, அதில் ஒரு கிலோமீட்டர் நீந்த வந்திருந்தாள். நூறு மீட்டருக்கு ஒரு மிதவை கட்டியிருந்தது.

சென்னையிலிருந்து ஒரு கேமராக்காரர் வந்திருந்தார். முழுத் தூரம் நீந்தினால்தான் செய்தி என்று முன்பே சொல்லிவிட்டார்.

அவள் இறங்கினாள். மாஸ்டர் படகில் பக்கத்திலேயே வந்தார்.

முதல் மிதவை. "படுபாவி!"

மூன்றாவது. "உன் தலையில இடி விழ! இது தண்ணியா, கத்தியா?"

"நல்லது, அக்கா. போங்க."

ஆறாவதில் பற்கள் அடித்துக்கொண்டன. "மடையா" மட்டும் வந்தது.

"போங்க."

எட்டாவது மிதவையில் அவள் சிரித்தாள்.

"சுகமா இருக்கு, மாஸ்டர். குளிரே இல்லை."

மாஸ்டர் துடுப்பைப் போட்டுவிட்டு, அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

கரையில் நான்கு கம்பளிக்குள் கிடந்தாள். நடுக்கம் திரும்பி வர அரைமணி ஆயிற்று. கூடவே கோபமும் வந்தது.

"இன்னும் இருநூறு மீட்டர்தானே! ஏன் தூக்கினீங்க?"

"குளிரலைன்னு சொன்னீங்களே."

"குளிரலை. அது என் தப்பா?"

"குளிருதுன்னு கத்துற வரைக்கும் உடம்பு சண்டை போடுது, அக்கா. சுகமா இருக்குன்னா அது தோத்துப்போச்சு. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா நீங்க இல்லை."

"மூணு வருஷப் பாடு. செய்தி போச்சு."

மாஸ்டர் படகைக் கட்டப் போனார்.

கேமராக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே வீட்டுக்குப் போன் பேசினார். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தார்.

"பத்து வருஷம் முன்னாடி இங்க வந்தப்ப, இதே ஐப்பசியில, நாலு சட்டை போட்டும் நடுங்கினேன். இப்ப ஒத்தைச் சட்டையில நிக்கிறேன். குளிரே இல்லை. சுகமா இருக்கு."

வைரமணி கம்பளிகளை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்க, அக்கா?"

"கேமராவை எடுக்கச் சொல்லுங்க, மாஸ்டர். அவர் பக்கமே திருப்பி வைச்சு, இப்பச் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லுங்க."