வைகாசியில் முட்டையிட்ட தவளை

மலைக்கு மேற்கே மழைக்காட்டில் பிறந்து வளர்ந்த தவளை மரகதம். ஒரு நாள் அது வாழை மட்டைக்குள் அசந்து தூங்கியபோது, யாரோ தாரோடு மட்டையையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். கண் விழித்தால் லாரி மலையைத் தாண்டி, கிழக்கே ஓர் ஊர் ஏரிக்கரையில் நின்றிருந்தது. பயந்துபோய் மரகதம் கீழே குதித்தது. லாரி போய்விட்டது.

"அம்மாடி! இது ஊரா, அடுப்பா?"

சித்திரை மாதம். ஏரி வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரச் சேற்றிலிருந்து உள்ளூர்த் தவளை செல்லி தலையை நீட்டியது.

"யாருக்கா நீங்க? வெயில்ல நிக்காதீங்க, கருவாடாப் போயிடுவீங்க! வந்து சேத்துல புதைஞ்சுக்கோங்க."

மரகதம் புதைந்துகொண்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊர்ல இலை நுனியில தண்ணி காயாது தெரியுமா? இந்த ஊர் எருமைங்க மழையையே பார்த்திருக்காது! எங்க ஊர்ல..." என்று நாள் முழுக்க ஒரே பேச்சு. செல்லி பாதியைக் கேட்கும், பாதியில் தூங்கிவிடும்.

வைகாசியில் ஒரு மத்தியானம் வானம் திடீரென்று கறுத்தது. காற்று சுழன்றடித்தது. இடி இடித்து, இரண்டு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. கரையோர மேட்டில் பெரிய குட்டை ஒன்று தேங்கி நின்றது.

மரகதம் சேற்றை உதறிக்கொண்டு எழுந்தது. அதன் வயிறு நிறைய முட்டை.

"வந்துடுச்சு மழைக்காலம்! இனி மூணு மாசம் விடாது. செல்லி, வா, முட்டையிடுவோம்!"

"அவசரப்படாதீங்கக்கா! இது கோடை மழை. வந்த வேகத்துல போயிடும்."

"மழைன்னா என்னன்னு எனக்கா சொல்லித் தர்றே?"

"உங்க ஊர் மழை உங்களுக்குத் தெரியும். இங்கே மேல்காத்து வர்றப்ப, மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வெறுங்கையோடதான் வரும். எங்க மழை கிழக்கே கடல் பக்கமிருந்து வரணும். அதுக்கு ஐப்பசி ஆகும்."

"சேத்துக்குள்ளேயே கிடந்தா அப்படித்தான் பேசத் தோணும்!"

கருவேல மரக் கிளையில் இருந்த மீன்கொத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் பிடித்துப் பல நாள் ஆகியிருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"தாயே! மழை நாட்டுல பிறந்தவங்க நீங்க. இந்த வறட்டுத் தவளைங்களுக்கு என்ன தெரியும்? குட்டையைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! கால் நனையிற ஆழம்தான், பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு!" என்றது.

மரகதத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று இரவே அந்தக் குட்டையில் முட்டையிட்டது.

மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. கடுகு கடுகாகத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. அவற்றுக்குக் கால் முளைத்துக் கரையேறக் குறைந்தது நாற்பது நாள் வேண்டும். ஐந்தாம் நாள் குட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. எட்டாம் நாள் ஒரு முறம் அகலம்தான் மிச்சம்.

மரகதம் மேற்கே பார்த்தது. மலை உச்சியில் மேகம் அடுக்கடுக்காக நின்றது. மின்னல்கூடத் தெரிந்தது. அங்கே, அதன் ஊரில், பெய்துகொண்டிருந்தது. இங்கே புழுதி பறந்தது.

'சரக்'கென்று மீன்கொத்தி பாய்ந்து இரண்டு குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போனது.

"என்ன தாயே, மூணு மாச மழை எங்கே?" என்று கிளையில் இருந்து சிரித்தது.

மரகதம் அந்த வெயிலிலேயே தாவித் தாவிச் செல்லியிடம் ஓடியது. தோல் காய்ந்து இழுத்தது.

"செல்லி! நான் தப்புப் பண்ணிட்டேன். என் பிள்ளைங்க..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்க்கா. குட்டை மேட்டுல இருக்கு, பள்ளம் கீழே இருக்கு. நடுவுல ஒரு வாய்க்கால் இருந்தாப் போதும்."

"வா, தோண்டுவோம்!"

"நாம தோண்டி முடிக்கிறதுக்குள்ள ஐப்பசியே வந்துடும். கறுப்பாயியைத்தான் கேக்கணும்."

கறுப்பாயி ஓர் எருமை. பள்ளத்துத் தண்ணீரில் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தது. வேலி தாண்டி ஓடாமலிருக்க, அதன் கழுத்தில் ஒரு கனத்த மரக்கட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தலையைத் தாழ்த்தி நடந்தால் கட்டை மண்ணைக் கீறிக்கொண்டே வரும்.

மரகதம் தன் நிலைமையைச் சொன்னது. எருமை ஒரு கண்ணைத் திறந்தது.

"இந்த வெயில்ல வெளியே வந்தா என் தோல் வெந்துடும். அது சரி, இந்த ஊர் எருமைங்க மழையையே பார்த்திருக்காதுன்னு சொன்னவ நீதானே?"

மரகதம் தலை குனிந்தது. "ஆமாம்மா. சொன்னவ நான்தான். என் பிள்ளைங்க ஒண்ணும் சொல்லலை. அதுங்களுக்கு இன்னும் வாயே சரியா முளைக்கலை."

எருமை 'புஸ்' என்று மூச்சுவிட்டது. சிரித்ததா, கோபித்துக்கொண்டதா, தெரியவில்லை. ஆனால் எழுந்தது.

மேட்டுக்கு ஏறி, குட்டையின் ஓரத்தில் நின்று தலையைத் தாழ்த்தி, பள்ளத்தைப் பார்த்து நடந்தது. கட்டை வண்டல் மண்ணை உழுதுகொண்டே போனது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. தண்ணீரோடு தலைப்பிரட்டைகளும் வந்தன. வறண்ட மண் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டது. மீன்கொத்தி மறுபடி மறுபடி பாய்ந்தது. மரகதமும் செல்லியும் வாய்க்காலின் இரு பக்கமும் தாவி, சிக்கிக்கொண்ட குஞ்சுகளை மூக்கால் தள்ளித் தள்ளி விட்டன.

மூன்றில் ஒரு பங்குதான் பள்ளத்தைச் சேர்ந்தது. மற்றவை வழியிலேயே மடிந்தன. மரகதம் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. செல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆனி போனது. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. பிழைத்த குஞ்சுகள் கால் முளைத்துக் கரையேறின. புரட்டாசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது. பெரிய பெரிய துளிகள் விழுந்தன.

"தாயே! மழைக்காலம் வந்துடுச்சு, இன்னும் என்ன யோசனை?" என்று மீன்கொத்தி கூவியது.

"அவ்வளவு அவசரம்னா நீயே போய் முட்டையிடு!" என்றது மரகதம். பிறகு செல்லியின் பக்கம் திரும்பியது. "என்ன செல்லி, இதுவா?"

"இல்லைக்கா. இது சாயங்கால மழை. பொறுங்க."

ஐப்பசியில் ஒரு விடியற்காலை காற்று திசை மாறியது. கிழக்கேயிருந்து உப்பு வாசனையோடு ஈரக்காற்று வீசியது. இடியும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. சன்னமாகத் தொடங்கிய தூறல் அன்றும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. ஏரி நிறையத் தொடங்கியது.

மரகதத்தின் வயிற்றில் மறுபடியும் முட்டை. அது செல்லியைப் பார்த்தது.

"இதுதான்க்கா!" என்றது செல்லி. இரண்டும் சேர்ந்து தண்ணீரில் குதித்தன.

பிறந்த ஊரைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தாலும், வாழ வந்த ஊரைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.