தவிட்டம்மாவின் புதுப் பெயர்

குளக்கரைப் புதரில் ஒரு புள்ளிமான் குடியிருந்தாள். அடுத்த புதரில் கருப்பாயி என்ற காட்டுப் பன்றி இருந்தாள்.

மானுக்குப் பிறந்த மூன்று குட்டிகளும் ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை. நாலாவது குட்டி பிறந்ததும் மான் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கருப்பாயியின் காலடியில் விட்டாள்.

“அக்கா, இது இனிமே உங்க பிள்ளை. எமன் வந்தா என் புதரில தேடிட்டு வெறுங்கையோட போகட்டும்!”

கருப்பாயி காட்டோரத்து அரிசி ஆலைக்குப் பின்னால் மேய்ந்து வருகிறவள். வாயில் அடக்கி வந்த ஒரு பிடி தவிட்டை மானின் முன் துப்பினாள்.

“இந்தா, விலை குடுத்துட்டேன். பிள்ளை எனக்கு. பாலை மட்டும் நீ குடு!”

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குத் தவிட்டம்மா என்று பெயர் வைத்தார்கள். காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும் என்று இருவருக்கும் பயம்.

குட்டி வளர்ந்தாள். குரங்குகள் சும்மா இருக்குமா?

“ஏ தவிட்டம்மா! உன்னை மாட்டுத் தொட்டியில கரைச்சு விடட்டுமா?”

முயல்களும் சிரித்தன. காது கிழிந்த ஒரு முயல் மட்டும், மற்றவை நிறுத்திய பிறகும் சிரித்தான். அதைக் கருப்பாயி பார்த்துவிட்டாள். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல.

குட்டி அழுதுகொண்டே மயிலிடம் போனாள். அந்தக் காட்டில் நாகரிகமான பெயர் வேண்டுமென்றால் மயிலிடம்தான் போக வேண்டும்.

“த்ருஷிகாஸ்ரீ!” என்றது மயில். “இந்தக் காட்டிலேயே யாருக்கும் இல்லாத பேரு!”

“அர்த்தம் என்ன மாமா?”

“அர்த்தமா? அது எனக்கே தெரியாது. அதுதானே அதோட சிறப்பு!”

குட்டி துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “இனிமே யாரும் என்னைப் பழைய பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது! அந்த அசிங்கத்தை யார்தான் வெச்சாங்களோ!”

“அது காரணமா வெச்ச பேருடி,” என்றாள் தாய்.

“என்ன காரணம்?”

எமனுக்குப் பயந்து தாய் புல் மேயப் போய்விட்டாள். அடுத்த புதரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கருப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் குட்டியோடு பேசவே இல்லை.

கோடை வந்தது. குளம் வற்றியது. தண்ணீர் குடிக்கப் போன குட்டியின் நாலு காலும் சேற்றில் புதைந்தன. கரையில் மூன்று செந்நாய்கள் வந்து நின்றன.

மயில் பறந்து உச்சிக் கிளையில் உட்கார்ந்தது. “தைரியமா இரு த்ருஷிகாஸ்ரீ!” என்று அங்கிருந்தே கத்தியது.

சற்றுத் தள்ளிச் சேற்றில் கருப்பாயி படுத்திருந்தாள்.

“பெரியம்மா, காப்பாத்துங்க!”

“யாரது?”

“நான்தான், த்ருஷிகாஸ்ரீ!”

“அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது,” என்றாள் கருப்பாயி. ஆனால் அவள் பிடரி மயிர் அப்போதே சிலிர்த்து நின்றது.

தாய்மான் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“எமன் கேட்டாலும் கேக்கட்டும்! தவிட்டம்மா, நீ அவங்க பிள்ளைடி! மூணு பேரைப் பறிகொடுத்தேன். நீயாவது தங்கணும்னு ஒரு பிடி தவிட்டுக்கு உன்னை அவங்ககிட்ட குடுத்தேன்!”

குட்டி திகைத்தாள். பிறகு இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கூவினாள்.

“அம்மா! கருப்பாயி அம்மா! நான்தான், தவிட்டம்மா!”

அவ்வளவுதான். சேறு நாலு பக்கமும் தெறித்தது. முதல் செந்நாயின் விலா கிழிந்தது. மற்ற இரண்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடின. கருப்பாயி குட்டியை மூக்கால் நெம்பிக் கரையில் தள்ளினாள்.

“இனிமே என்னோட பேசுவீங்கதானே?” என்றாள் குட்டி.

“மாட்டேன். அசிங்கம்னு சொன்னே இல்ல? அடுத்த மழைக்காலம் வரைக்கும் மறக்க மாட்டேன்!” சொல்லிக்கொண்டே குட்டியின் காதிலிருந்த சேற்றை நக்கித் துடைத்தாள். “அந்தக் காது கிழிஞ்ச முயல் பயலையும்தான்!”

மறுநாள் குரங்குகள் வழக்கம்போல ஆரம்பித்தன. “ஏ தவிட்டம்மா!”

“ஆமாம்!” என்று நிமிர்ந்தாள் குட்டி. “நான் சாகக் கூடாதுன்னு ரெண்டு அம்மா சேர்ந்து வெச்ச பேரு. உன் பேரை எதுக்கு வெச்சாங்க, சொல்லு பார்ப்போம்!”

குரங்குகள் தங்கள் பெயருக்குக் காரணம் கேட்க அம்மாக்களிடம் ஓடின.

ஒரு பெயர் விநோதமாக இருந்தால் சிரிக்கும் முன், அதை வைத்தவர்கள் எதற்குப் பயந்து, எவ்வளவு ஆசையோடு வைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.